நீந்தத் தெரியாத தாரா

அந்த வீடியோ விளையாட்டில் வருகிற தாராவுக்கு, வாத்தாகப் பிறந்தும், நீந்தத் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் செத்துப்போகும். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் சப்பாத்து, முகத்தில் எந்த நேரமும் ஒரு சிரிப்பு. இவ்வளவையும் கொடுத்தவர்கள் நீச்சலை மறந்துவிட்டார்கள். அதற்குப் பறக்கவும் முடியாது. இடமிருந்து வலமாக ஓடும், கல்லுக்குக் கல் தாவும், வழியில் கிடக்கிற சோளப்பொத்திகளைப் பொறுக்கும். நூறு பொறுக்கினால் ஓர் உயிர் கூடும். தொடங்கும்போது மூன்று உயிர். ஏழு உலகங்கள், ஒவ்வோர் உலகத்திலும் நான்கு கட்டங்கள், மொத்தம் இருபத்தெட்டு. நான்காவது உலகத்தில் இருந்து வருகிற கற்களும் மரங்களும் முதல் மூன்று உலகங்களில் பார்த்தவைதான், நிறத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். பொத்தானை அமத்தினால் தாரா உடனே எழும்பாது. கண் இமைக்கிற நேரம் கழித்துத்தான் எழும்பும். அதற்குள் அது கல்லின் விளிம்பைத் தாண்டிப்போயிருக்கும். கையில் அடங்கும் ஒரு பெட்டிக்குள் இத்தனை பிழைகள் இருந்தன.

அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது சமாதான காலத்தில். அந்த நாலைந்து வருடங்களில் வெளிநாட்டில் இருந்தவர்கள் எல்லாம் ஊர் பார்க்க வந்தார்கள். மனைவியின் தம்பியும் கனடாவில் இருந்து குடும்பத்தோடு வந்து எங்களோடு பதினேழு நாள் தங்கினான். அவனுடைய மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. புறப்படுகிற அன்று காலை அவள் அந்தக் கேமை மனைவியின் கையில் வைத்தாள்.

"மாமி, இது உங்களுக்கு."

"எனக்கேன் பிள்ளை? இது நீ விளையாடுற சாமானெல்லே."

"இது கூடாத கேம் மாமி. அப்பா மலிவெண்டு வாங்கித் தந்தவர். திரும்பக் கொண்டுபோனா பாரம்."

மனைவி சிரித்த சிரிப்பில், அவர்களை ஏற்றிப்போக வந்த வான்காரன் எட்டிப் பார்த்தான். "கேட்டீங்களே, பாரம் குறைக்கிறதுக்கு மாமியாம்!" என்று என்னிடம் சொன்னாள். வான் போன பிறகு பெட்டியைச் சேலைகளுக்கு இடையில் அலுமாரியில் வைத்தாள். இரண்டு வருடத்துக்கு மேல் அது அங்கேயே கிடந்தது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்கு எண்ணுகிற எழுதுவினைஞனாக இருந்தவன். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை நாலு கோடு கிழித்து, ஐந்தாவதைக் குறுக்கே போட்டு எண்ணுவோம். வீடும் துறைமுகத்துக்கு மேலே உள்ள மேட்டில்தான். பின்வளவில் நின்றால் கொட்டியாரக் குடாவும் அதற்கு அப்பால் ஒரு கோடு மாதிரிச் சம்பூர்க் கரையும் தெரியும். மனைவி பிறந்தது அங்கே. அவளுடைய தங்கச்சி குடும்பத்தோடு அங்கேதான் இருந்தாள்.

யுத்தம் திரும்பத் தொடங்கிய வருடத்தில்தான் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கொழும்புக்கு மூன்று தடவை கொண்டுபோனேன். போகிற வழியில் பதினொரு இடத்தில் பஸ்ஸால் இறக்கிச் சோதித்தார்கள். பதினொரு தடவையும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறினாள். மூன்றாம் முறை வைத்தியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி அலைக்க வேண்டாம், வீட்டிலே வைத்துப் பாருங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஆறு மாதம் இருந்தால் நல்லது என்றார். நான் அதை மனைவியிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளே கேட்டாள்: "என்னவாம், எத்தினை மாசமாம்?" நான் பேசாமல் இருந்தேன். "உங்களிட்ட நம்பர் கேட்டு வராத முதல் நாள் இதுதான்," என்றாள்.

அந்தக் கிழமைதான் கேமை அலுமாரியில் இருந்து எடுத்தாள். படுக்கவும் ஏலாமல், இருக்கவும் ஏலாமல் கிடந்தவளுக்குக் கைக்கு ஒரு வேலை தேவைப்பட்டிருக்க வேண்டும். முற்றத்துப் பக்கம் போட்டிருந்த சாய்மனைக் கதிரையில் சரிந்தபடி பொத்தான்களை அமத்திப் பார்த்தாள். முதல் நாள் தாரா முதலாவது குட்டையைத் தாண்டவில்லை.

"இஞ்ச வாங்கோ, வந்து பாருங்கோ. தாராவுக்கு நீந்தத் தெரியாதாம்! எந்த ஊர்த் தாரா இது?"

"கனடாத் தாராவாக்கும்."

"அங்க தண்ணி உறைஞ்சு கிடக்கும், அதுதான் பழகேல்லைப் போல."

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஒரே மெட்டு, முடிந்து முடிந்து தொடங்கும். கண் கெட்டுவிடும் என்றேன், பெருவிரல் வீங்கும் என்றேன். "கண் கெட்டு நான் என்ன சோதனையா எழுதப்போறன்?" என்றாள். அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை. இரண்டு கிழமையில் முதல் உலகத்தை முடித்தாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. உயிர் எல்லாம் போனால் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும். அந்தக் கேமுக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. நிற்பாட்டினாலும் அப்படித்தான், விட்ட இடம் இல்லாமல் போய்விடும். நடுவில் எழும்ப வேண்டியிருந்தால் ஒரு பொத்தான் இருந்தது. அதை ஒருமுறை அமத்தினால் தாரா அந்தரத்தில் அப்படியே நிற்கும், சத்தமும் நின்றுவிடும். மின்சாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருக்கும்.

"இவ்வளவு கரைச்சல்பட்டு இந்தத் தாரா எங்கதான் போகுதெண்டு எனக்குப் பாக்கோணும்," என்று ஒரு நாள் சொன்னாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அன்று பின்னேரமும் சொன்னாள், அடுத்த நாளும் சொன்னாள். அதற்கு முன் அவள் எதையும் இத்தனை தடவை கேட்டதில்லை. கோயிலுக்குப் போக வேண்டும் என்று கேட்கவில்லை. கனடாத் தம்பியைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை, அவன் வர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு குடாவின் இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கத்துக்கு ஷெல் அடிக்கத் தொடங்கினார்கள். யன்னல் கண்ணாடி அதிரும், குசினியில் கோப்பைகள் ஒன்றோடு ஒன்று முட்டும். ஒவ்வொன்றும் புறப்படுகிற சத்தத்துக்கும் அக்கரையில் விழுகிற சத்தத்துக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இங்கே அதைச் சொல்ல மனமில்லை. அந்த நேரங்களில் மனைவி கேமைக் கையில் எடுத்துவிடுவாள். தாரா ஓடும், தாவும், விழும். சத்தம் நின்ற பிறகு ஒரு கேள்வி கேட்பாள்: "சம்பூர்ப் பக்கம்தானே?" நான் "தெரியாது" என்பேன். சனம் எல்லாம் தெற்கே வெருகல் பக்கம் நடந்து போகிறதாம் என்று கேள்விப்பட்டோம். தங்கச்சி வீட்டுச் செய்தி ஒன்றும் கிடைக்கவில்லை.

பற்றரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கேமுக்கு மின்சாரம் கொடுக்க, விரல் அளவில் இரண்டு பென்டோர்ச் பற்றரி போட வேண்டும். பற்றரி விஷயத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் ஊறியிருந்தது. முந்திய யுத்த வருடங்களில் அக்கரைக்குப் பற்றரி கொண்டுபோகத் தடை இருந்தது. படகுத் துறையில் பையைக் கொட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். சம்பூரில் மைத்துனி வீட்டில் ஒரு சோடிப் பற்றரியை வைத்து மாதக்கணக்காகச் செய்தி கேட்பார்கள். செய்தி முடிந்த நிமிடமே ரேடியோவைத் திறந்து பற்றரியைக் கழற்றி வெயிலில் வைப்பார்கள். சூடு ஏறினால் செத்த பற்றரியும் கொஞ்ச நேரம் பேசும். நகரத்தில் எங்களுக்குத் தடை இருக்கவில்லை, ஆனாலும் அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. டோர்ச்சோ ரேடியோவோ, பாவித்து முடிந்தால் கை தானாகவே மூடியைக் கழற்றும். கிணற்றுக் கட்டில் எந்த நேரமும் ஏழெட்டுப் பற்றரி வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நான் மணிக்கொரு தடவை போய் அவற்றை உருட்டிவிடுவேன். இரண்டு கிழமை லொறி வராமல், கடைகளில் சாமான் ஒழிந்த காலம் அது.

அன்று ஹர்த்தால். கடைகள் பூட்டியிருந்தன. விடியத் தொடக்கமே கேமோடு இருந்தவளுக்குக் காலை மருந்தைக் கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன். பற்றரிகளை உருட்டினேன், இரண்டு வாளி தண்ணீர் அள்ளினேன், துணி காயப்போட்டேன். நாற்பது நிமிடம் இருக்கும். திரும்பி வந்தபோது மனைவி சாய்மனையில் நல்ல நித்திரை. கேம் மடியில் கிடந்தது. தாரா அந்தரத்தில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

புதுப் பற்றரி. வீட்டில் இருந்த கடைசிப் புதுச் சோடி. நித்திரையால் எழும்ப இரண்டு மணித்தியாலம் ஆகலாம், இரண்டு மணித்தியாலமும் இது சும்மா எரியப்போகிறது என்றுதான் எனக்கு ஓடியது. திரையின் மேல் மூலையில் எத்தனையாவது உலகம், எத்தனையாவது கட்டம் என்று இரண்டு எண்கள் எழுதியிருக்கும். நான் அந்த எண்களைப் பார்க்கவில்லை. வழக்கம்போல மூன்றிலோ நான்கிலோதான் நிற்பாள் என்று நினைத்திருப்பேன். அவளுடைய நித்திரை குழம்பாமல் மெதுவாகப் பெட்டியை எடுத்து, நிற்பாட்டி, மூடியைத் திறந்து பற்றரியைக் கழற்றினேன்.

அவள் மூன்று மணி போல எழும்பினாள். முகம் தெளிவாக இருந்தது. "எங்க தாரா?" என்றாள்.

"பற்றரி கழட்டி வச்சிருக்கு. இருங்கோ, போட்டுத் தாறன்."

நான் போட்டுக் கொடுத்தேன். தொடக்கப் படம் வந்தது. தாரா தொப்பியைக் கழற்றி ஆட்டியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழில நாலில நிண்டனான்," என்றாள்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"ஒரு நீலக் கதவு. ரெண்டு பக்கமும் விளக்கு. தாரா கதவுக்குக் கிட்டப் போயிட்டுது. உங்களையும் கூப்பிட்டுக் காட்டிப்போட்டுத் திறப்பமெண்டு நிப்பாட்டினனான். ரெண்டு தரம் கூப்பிட்டனான், நீங்கள் கிணத்தடியில. பிறகு மருந்து அமத்திப்போட்டுது."

"எனக்குத் தெரியாது. சத்தியமா நான் நம்பரைப் பாக்கேல்லை."

"சரி விடுங்கோ. தாராவுக்கு வழி தெரியும். திரும்ப வரும்."

என்னை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் ஏசவில்லை. உடனே முதல் குட்டையில் இருந்து தொடங்கினாள்.

ஆனால் அதன் பிறகு அவளால் முடியவில்லை. அந்தக் கிழமையில் இருந்து மருந்தின் அளவைக் கூட்டினார்கள். கை நடுங்கத் தொடங்கியது. மூன்று மணித்தியாலம் பிடித்து விளையாட வேண்டிய இடத்தில் அரை மணித்தியாலத்துக்கு மேல் அவள் கைகள் நிற்கவில்லை. இரண்டாவது உலகத்தில் ஒரு தொங்கு பாலம் வரும், அதில் விழுந்தாள். அடுத்த நாளும் அதில்தான். பிறகு ஒரு நாள் பெட்டியை என்னிடம் நீட்டி, "நீங்கள் ஒருக்காப் பாருங்கோவன்," என்றாள்.

அப்படித்தான் நான் விளையாடத் தொடங்கினேன். அறுபத்தாறு வயதில். தாராவை ஏழாவது உலகத்தின் நாலாவது கட்டத்துக்கு, அந்தக் கதவடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பெட்டியை அவள் கையில் கொடுக்க வேண்டும். ஒரு பொத்தானை ஒரு தடவை அமத்த அவள் கையில் பலம் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். காலையில் மருந்து கொடுத்ததும் அவள் கண்ணயர்வாள். அந்த நேரத்தில் முன் விறாந்தையில் இருந்து பழகுவேன். கொப்பி ஒன்றில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை கல், எந்தக் கல்லில் நின்றால் நழுவும், எத்தனை எண்ணும்வரை காத்திருந்து தாவ வேண்டும் என்று எழுதினேன். பொத்தான் பிந்தி வேலை செய்வதால் விளிம்புக்கு ஒரு அடி முன்பே அமத்த வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது நாள் சென்றது.

"எத்தினையில நிக்கிறியள்?" என்று உள்ளே இருந்து கேட்பாள்.

"ரெண்டில. பாலத்தடியில."

"பாலத்தில ஓடாதேங்கோ, நடவுங்கோ. நீங்கள் பஸ் பிடிக்கிற மாதிரி ஓடுறியள்."

பற்றரி தீர்ந்தது. வெயிலில் காய்ந்தவை அரை மணித்தியாலத்துக்கு மேல் தாங்கவில்லை. அதைக்கொண்டு மூன்றாவது உலகத்தைக்கூடப் பார்க்க முடியாது. லொறி வந்த அன்று முன்வீட்டுத் தையல்காரப் பெண்ணை மனைவியோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரே கடையில் பதினாறு பற்றரி கேட்டால் ஏனென்று நினைப்பார்கள். அதற்குப் பயந்து நாலு கடையில் நாலு நாலாக வாங்கினேன். ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு தாளில் சுற்றித் தந்தார்கள். திரும்பி வரும்போது சந்திக் காவலரணில் பையைத் திறந்தார்கள். பதினாறு பற்றரியையும் அவர்கள் பெரிதாக எடுக்கவில்லை. நாலு கடைத்தாளில் நாலு பொட்டலமாக இருந்ததுதான் அவர்களை யோசிக்க வைத்தது.

துறைமுகத்தில் பழகிய சிங்களம் எனக்கு இருந்தது. இது ஒரு விளையாட்டுச் சாமானுக்கு என்றேன். யாருடைய பிள்ளைக்கு என்று கேட்டார்கள். பிள்ளைக்கு இல்லை, மனைவிக்கு என்றேன். மனைவிக்கு என்ன வயது என்றார்கள். அறுபத்தொன்று என்றேன். ஒருவன் சிரித்தான், மற்றவன் சிரிக்கவில்லை. அங்கே கிடந்த மர வாங்கில் இருக்கச் சொன்னார்கள். பத்து மணியில் இருந்து ஒன்றரை மணி வரை இருந்தேன். அவர்களுடைய பெரியவர் வந்தார். நான் தாராவைப் பற்றியும் கதவைப் பற்றியும் சொல்லத் தொடங்கி, நடுவில் எனக்கே வெட்கமாகி நிறுத்திவிட்டு, மனைவிக்குப் புற்றுநோய் என்று மட்டும் சொன்னேன். அவர் என்னுடைய அடையாள அட்டையையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் பார்த்தார். ஒரு வீட்டுக்கு நாலு போதும் என்றார். பன்னிரண்டை ஒரு புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு நாலைத் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவிக்குச் சிரிக்க வயிறு விடவில்லை, ஆனாலும் சிரித்தாள்.

"தாராவுக்காக மறியலில கம்பி எண்ணப் பாத்த மனுசன் இந்த உலகத்தில நீங்கள் ஒராள்தான்."

"பதினாறில பன்னிரண்டு போச்சு."

"ஆள் முழுசா வந்து சேந்தீங்களே, அதையும் எண்ணுங்கோ."

"அப்ப நீர் பயந்துதானே இருந்தனீர்?"

"நான் ஏன் பயப்படுறன்? உங்களை வச்சிருந்தா அவங்களுக்குத்தான் கரைச்சல். அரிசி மூட்டையையும் எண்ணித் திருத்தி இருப்பியள்."

தையல்காரப் பெண் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அக்கா வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவ அண்ணை. தண்ணிகூட வேண்டாமெண்டிட்டா."

நாலு பற்றரி என்றால் இரண்டு சோடி. முதல் சோடியில் பழகினேன், ஆறாவது உலகம் வரை போனேன். இரண்டாவது சோடியைப் போட்ட மூன்றாம் நாள், நான் தொடங்கிய நாளில் இருந்து முப்பத்தெட்டாவது நாள், ஏழாவது உலகத்துக்குள் நுழைந்தேன். கொப்பியில் அதற்குமேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கை வியர்த்து வழுக்கியது. கடைசிக் கட்டத்தில் பத்தொன்பது கற்கள், எல்லாம் அசைகிற கற்கள், கீழே கறுப்புத் தண்ணீர். இரண்டு உயிரை அங்கே இழந்தேன். மூன்றாவது உயிரோடு பத்தொன்பதாவது கல்லில் இருந்து தாவினேன். நிலம் வந்தது. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிற நீலக் கதவு நின்றது. அவள் சொன்னது சரி. தாரா அதன் முன்னால் போய் நின்று, தொப்பியைச் சரிசெய்தது.

நான் நிறுத்துகிற பொத்தானை அமத்திவிட்டு அறைக்குள் போனேன்.

மனைவி நித்திரையாக இருந்தாள். முந்திய நாள் முழுக்க அவளுக்கு வயிற்று நோ. விடிந்த பிறகும் முனகினாள். பத்து மணிக்குத் தாதி வந்து ஊசி போட்ட பிறகுதான் கண் மூடியிருந்தாள். நேரம் பதினொன்று இருபது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியில் இருந்த சுருக்கம் மறைந்திருந்தது. பல நாளாக நான் அந்த முகத்தை அப்படிப் பார்க்கவில்லை. எழுப்பினால் நோவும் எழும்பும். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

சிவப்பு விளக்கு அப்போதே மங்கலாகத்தான் இருந்தது. பற்றரியை மாற்றவும் முடியாது. கழற்றினால் எல்லாம் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு எழும்புவாள் என்று நினைத்தேன். பன்னிரண்டேகால் ஆனது. ஒருமுறை அவள் தோளுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்தேன். நானே அந்தப் பொத்தானை அமத்தியிருக்கலாம். அது எனக்குத் தோன்றாமல் இல்லை. அவளுடைய கதவை நான் திறப்பது திரும்பவும் அவளிடம் இருந்து ஒன்றைப் பிடுங்குவது மாதிரி இருந்தது. விளக்கு சாம்பல் பூத்த நெருப்பு மாதிரி ஆனது. பிறகு திரை வெளுத்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு நின்றுவிட்டது.

இரண்டு மணி போல அவள் கண் திறந்தாள். கரண்டியால் தண்ணீர் கொடுத்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் என் முகத்தில் அவள் எதையோ கண்டுவிட்டாள்.

"என்ன?"

"கதவடிக்குக் கொண்டுவந்தனான். நீலக் கதவடிக்கு."

அவள் கண் பெரிதானது. "எங்க?"

"பற்றரி முடிஞ்சுபோச்சு. ஒண்டரை மணித்தியாலம் வச்சுக்கொண்டு இருந்தனான்."

"உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்லையோ?"

"இல்லை. நீர் திறக்கோணுமெண்டு உமக்காக வச்சிருந்தனான்."

அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான்.

"விசர் மனுசன். உள்ளுக்கு என்ன இருக்கெண்டுதானே எனக்குத் தெரியவேணும். நீங்கள் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லியிருந்தாப் போதும்."

ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். உள்ளே ஒரு குளம் இருந்தது, நிறையத் தாராக்கள் இருந்தன என்று ஏதாவது. அவள் நம்பாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். அந்த நேரம் எனக்கு அது தோன்றவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதி எனக்குப் பழக்கம் இல்லை.

அடுத்த நாள் தையல்காரப் பெண்ணின் தம்பி எங்கிருந்தோ ஒரு சோடி தேடித் தந்தான். நான் திரும்பவும் முதல் குட்டையில் இருந்து தொடங்கினேன். இந்த முறை காத்திருக்கப்போவதில்லை, நேரே உள்ளே போய்ப் பார்த்து வந்து சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். அவளுக்கு நாட்கள் இல்லை என்று தாதி சொல்லிவிட்டாள். அதனால் காலை, பின்னேரம் என்று பார்க்காமல் விறாந்தையில் இருந்து விளையாடினேன். அவசரத்தில் கை முந்திக்கொண்டது. நாலாவது நாள் வரை மூன்றாவது உலகத்தைத் தாண்ட முடியவில்லை.

ஐந்தாவது நாள் காலையில் நன்றாகப் போனது. ஐந்தாவது உலகம், இரண்டாவது கட்டம், ஐந்து உயிர் கையில். தையல்காரப் பெண் மனைவியின் பக்கத்தில் இருந்து பஞ்சால் அவளுடைய உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். அறைக் கதவு திறந்திருந்தது. என் கதிரைக்கும் அவள் கட்டிலுக்கும் பதினொரு அடி.

"இஞ்ச," என்று மனைவியின் குரல் கேட்டது. "எத்தினையில நிக்கிறியள்?"

"அஞ்சில."

"அஞ்சில எத்தினை?"

"ரெண்டு."

பிறகு, "கெதியாப் போங்கோ," என்று அவசரப்படுத்தினாள்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. ஒரு காற்றாடிக் கல் வருகிற இடம் அது, பார்வையை எடுக்க முடியாது. மூன்றாவது கட்டத்துக்குப் போனேன். நாலாவதில் பாதி. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அந்த ஒன்றை நான் எண்ணவில்லை.

"அண்ணை," என்றாள் தையல்காரப் பெண். அவள் அழைத்த விதத்தில் எனக்கு விளங்கியது. எழும்பினேன். நிறுத்துகிற பொத்தானை அமத்த மறந்துவிட்டேன். நான் அறைக்குள் போய் மனைவியின் கையைப் பிடித்த பிறகும் மேசையில் கிடந்த பெட்டி பாடிக்கொண்டிருந்தது. தாரா தண்ணீரில் விழுந்து, திரும்பத் தொடங்கி, திரும்ப விழுந்து, தன்னுடைய உயிர்களைத் தானே முடித்தது. கடைசியில் அந்தப் பெண்தான் போய் அதை நிற்பாட்டினாள்.

எட்டு மாதம் கழித்து மனைவியின் தங்கச்சி வந்தாள். சம்பூரில் இருந்து நடந்து, வெருகல் கடந்து, வாகரை போய், பிறகு மட்டக்களப்பில் ஒரு முகாமில் தறப்பாள் கூடாரத்துக்குள்ளே இருந்தாளாம். அக்காவின் செய்தி அவளுக்கு இரண்டு மாதம் பிந்தித்தான் கிடைத்ததாம். ஆள் பாதியாகியிருந்தாள். படத்துக்கு முன்னால் இருந்து அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தான், அக்கா கடைசியா என்ன சொன்னவ?"

நான் விறாந்தைப் பக்கம் பார்த்தேன்.

"உன்னைத்தான் கேட்டவ," என்றேன். "தங்கச்சி வந்திட்டாளோ எண்டு."

அவள் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். கனநேரம் ஆட்டினாள். பிறகு கேட்டாள்:

"எத்தினை தரம் கேட்டவ?"

"மூண்டு தரம்," என்றேன்.